மறுநாள் வலிக்கு மாத்திரை எதற்கு?

உடற்பயிற்சி செய்த மறுநாள் கை கால் வலித்தால் என்ன மாத்திரை போடலாம்? சிகிச்சைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அவர்களைவிட அதிகமாக இதைக் கேட்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. நாளைக்கு இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பிசியோதெரபி மாணவர்கள்தான் அவர்கள்.

ஆண்டுதோறும் சில மாணவர்கள் பயிற்சிக்காக எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வருவார்கள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பெரும்பாலோர் விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள். மாலையில் ஃபுட்சால், வாரத்தில் மூன்று நாள் ஜிம், ஞாயிறு விடியற்காலையில் புரோகா மலை. அவர்களின் பையைத் திறந்தால் பாடக் குறிப்புக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நடுவே ஒரு குழல் இருக்கும். உள்ளே, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை. சிலர் வைட்டமின் ஈ வைத்திருப்பார்கள். இன்னும் சிலரிடம், நேரடி விற்பனை செய்யும் அத்தை வற்புறுத்திக் கொடுத்த பழச்சாற்றுப் பொட்டலம் இருக்கும்.

அவர்களிடம் மூன்று கேள்வி கேட்பது என் வழக்கம். இதில் என்ன இருக்கிறது? எத்தனை மில்லிகிராம்? எதற்காகச் சாப்பிடுகிறாய்?

முதல் கேள்விக்குத் தேர்வில் எழுதுவதுபோல் பதில் வரும். "ஆன்டிஆக்சிடன்ட் மேடம். ஃப்ரீ ராடிகல்ஸைத் தடுக்கும்." இரண்டாவது கேள்விக்குக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மூன்றாவதற்கு, "மசில் ரிக்கவரிக்கு" என்பார்கள். யார் சொன்னது என்று கேட்டால் ஜிம் பயிற்சியாளர், சீனியர், கைப்பேசியில் பார்த்த காணொளி என்று வரிசையாக வரும். வகுப்பில் சொன்னார்கள் என்றோ, ஆய்வில் படித்தேன் என்றோ சொல்பவர்கள் அபூர்வம்.

அவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. எலும்பு, தசை, நரம்பு, மூட்டு என்று அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது மலைபோல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் சத்துணவுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் இந்த மூன்று கேள்விக்கும் சரியான பதில் தெரிவது அவர்களுக்கும் முக்கியம், அவர்களிடம் நாளை சிகிச்சைக்குப் போகப் போகும் நமக்கும் முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது?

பத்துமலையில் 272 படிகள். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது சுலபமாக இருக்கிறது. ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரவைப்பது பெரும்பாலும் இறங்கிய படிகள்தான். இறங்கும்போது தொடைத் தசை நம் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. சுமையோடு நீளும் தசை, சுருங்கி வேலை செய்யும் தசையைவிட அதிகம் அடிபடும். நுண்ணிய இழைகளில் சிறு சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்ய உடல் வேலையைத் தொடங்குகிறது. அந்தப் பராமரிப்பு வேலையின்போதுதான் வலி தெரிகிறது.

அமெரிக்க உடலியல் ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே இந்தத் தாமத வலியைப் பற்றி எழுதிவிட்டார். ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தானாக அடங்கும். "லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது" என்று ஜிம்மில் சொல்வதை இன்றும் கேட்கிறேன். பயிற்சியில் உயரும் லாக்டேட் அளவு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதன்மேல் பழி போட முடியாது.

மாத்திரை எப்படி உள்ளே வந்தது?

இரண்டு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், வைட்டமின் சி சளியை விரட்டும் என்று 1970-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதிக அளவு வைட்டமின் சி என்றால் அதிக நன்மை என்ற எண்ணம் அப்போதிலிருந்து வீட்டுக்கு வீடு பரவியது. 1982-இல் கலிஃபோர்னியாவில் கெல்வின் டேவிஸும் உடன் ஆய்வாளர்களும், களைத்துப்போகும்வரை ஓடவிட்ட எலிகளின் தசையில் ஃப்ரீ ராடிகல் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகள் அதிகரிப்பதைக் காட்டினார்கள்.

இந்த இரண்டையும் சேர்த்தால் கணக்கு எளிதாகத் தெரிந்தது. பயிற்சி செய்தால் ஃப்ரீ ராடிகல் வருகிறது. அது செல்லைச் சேதப்படுத்தும். ஆன்டிஆக்சிடன்ட் அதை அடக்கும். ஆகவே மாத்திரை போட்டால் வலி குறையும், தசை சீக்கிரம் தேறும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் மாணவர்கள் நிற்கும் இடமும் இதுதான். இதற்குப் பிறகு வந்த ஆய்வுகள்தான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

சமையல்கட்டில் புகை வந்தால் மணி அடிக்கும் கருவி இப்போது பல வீடுகளில் இருக்கிறது. மணிச்சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று கருவியைக் கழற்றிவிட்டால் வீடு அமைதியாக இருக்கும், ஆனால் யாரும் எழுந்து வரமாட்டார்கள். பயிற்சியின்போது தசையில் உருவாகும் மூலக்கூறுகளும் ஓரளவு அந்த மணி மாதிரிதான். "இன்றைக்குச் சுமை அதிகம், நாளைக்குத் தயாராக இரு" என்று அவை உடலுக்குச் செய்தி சொல்கின்றன. அதைக் கேட்டுத்தான் செல்லில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. உடலின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட் நொதிகளும் கூடுகின்றன. உடலுக்குள் இப்படி ஒரு பாதுகாப்புப் படை ஏற்கெனவே இருக்கிறது என்பதையும், பயிற்சிதான் அதை வளர்க்கிறது என்பதையும் மாத்திரை விளம்பரங்கள் சொல்வதில்லை.

ஆய்வுகள் சொல்வது

2008-இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா ஆய்வாளர்கள், வைட்டமின் சி கொடுத்த எலிகளில் பயிற்சியால் வர வேண்டிய தாங்கும் திறன் முழுமையாக வளரவில்லை என்று காட்டினார்கள். எலிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் 2009-இல் ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவ் குழு ஆரோக்கியமான இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ. மற்றவர்களுக்கு அவை இல்லை. மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை நன்றாக முன்னேறியது. எடுத்தவர்களுக்கு அந்த முன்னேற்றம் கிடைக்கவில்லை.

2014-இல் நார்வே நாட்டில் 54 பேரை வைத்து 11 வாரம் நடத்திய ஆய்வில், தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 235 மில்லிகிராம் வைட்டமின் ஈயும் எடுத்தவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதற்கான அடையாளங்கள் மங்கிப்போயின. ஆனால் ஓடும் திறனிலும் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். மாத்திரை எதையும் பாதிக்கவில்லை என்று கண்ட ஆய்வுகளும் இருக்கின்றன. ஆகவே "வைட்டமின் சி போட்டால் பயிற்சி முழுதும் பாழ்" என்று நான் பயமுறுத்தப் போவதில்லை.

சரி, வலியாவது குறைகிறதா? மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2017-இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது. 50 ஆய்வுகள், 1,089 பேர். வழக்கமான அளவைவிட அதிகமாக ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வலியில் இருந்த வித்தியாசம், ஒருவரால் உணர்ந்து சொல்ல முடியாத அளவுக்குச் சிறியது. பயிற்சிக்கு முன் எடுத்தாலும் பின் எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் பெண்கள் குறைவு, ஆய்வுகளின் தரமும் உயர்வானது அல்ல என்பதை அந்த அறிக்கையே சொல்கிறது.

ஆக, பலன் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு. இழப்பு வருமா என்பது இன்னும் தீராத சந்தேகம். அதற்காக மாதாமாதம் காசு கொடுக்க வேண்டுமா என்பதுதான் மாணவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியது.

வெள்ளைச் சட்டையின் எடை

மாணவர் தன் பாக்கெட் பணத்தில் வாங்கித் தானே சாப்பிட்டால் அது அவர் விருப்பம் என்று விட்டிருப்பேன். ஒருநாள் நடந்தது வேறு. முழங்கால் சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர், தொடை வலிக்கிறது என்று முகம் சுளித்தார். அருகில் இருந்த மாணவிக்கு இரக்கம். "அங்கிள், வைட்டமின் ஈ வாங்கிச் சாப்பிடுங்க. 400 யூனிட் இருக்கும். நான்கூட அதுதான் சாப்பிடறேன். வலி சீக்கிரம் போயிடும்" என்றாள். பெரியவர் உடனே தாள் கேட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

நான் அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து, "அவர் ஃபைலை எடும்மா, மருந்துப் பட்டியலைப் படி" என்றேன். படித்தாள். இதய நோய்க்காக வார்ஃபரின் எடுக்கிறவர் அவர். இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து. அதிக அளவு வைட்டமின் ஈயும் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கு வழி திறக்கும். அவள் முகம் வெளுத்துவிட்டது. "வைட்டமின்தானே மேடம், மருந்து இல்லையே என்று நினைத்தேன்" என்றாள்.

பெரியவரிடம் அவளே திரும்பிப் போனாள். "அங்கிள், அது உங்க மருந்தோட சேராது. வாங்க வேண்டாம். எதுவா இருந்தாலும் டாக்டரையோ பார்மசிஸ்டையோ கேட்டுட்டு எடுங்க" என்று அவளே சொன்னாள். அவர் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நீ சொன்னா சரிம்மா" என்றார். எழுதிக்கொண்டபோதும் அவர் கேள்வி கேட்கவில்லை, கிழித்தபோதும் கேட்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டையின்மேல் நம் மக்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. பிசியோதெரபி மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டியது அந்த நம்பிக்கையின் எடையைத்தான்.

அதிகமானால் தீங்கு என்பதற்குப் பெரிய சான்றுகளும் உண்டு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது. வட அமெரிக்காவில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியது என்று 2011-இல் வெளியானது. அந்தப் பெண் பரிந்துரைத்ததும் அதே 400 யூனிட்தான்.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டிவருகின்றன. சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொல்லி நாம் அனுப்பும் ஒரு அண்ணனுக்கு, அந்த நடையின் முதல் பலன் இன்சுலின் நன்றாக வேலை செய்வது. ஜெர்மன் ஆய்வு ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடந்தது. அதை அப்படியே அவருக்குப் பொருத்த முடியாது. ஆனாலும், நடந்து சம்பாதிப்பதில் ஒரு பகுதியை மாத்திரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்போது, தேவை இல்லாமல் அதை அவர் கையில் கொடுப்பானேன்?

எத்தனை மில்லிகிராம்?

அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாளொன்றுக்கு வைட்டமின் சி ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 75 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்கப் பரிந்துரை. நுரைக்கும் மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 1,000 மில்லிகிராம். ஆணுக்கு ஏறக்குறைய பதினோரு நாள் தேவை ஒரு குவளைத் தண்ணீரில். ஆனால் ஒரு கிராமுக்கு மேல் போனால் குடல் பாதிக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். மிச்சம் வீண். 2,000 மில்லிகிராமுக்கு மேல் போனால் வயிற்றுப்போக்கு வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் அதிக அளவைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது சந்தைக்குப் போங்கள். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. நூறு கிராம் பப்பாளியில் ஏறக்குறைய 60. கூடவே நார்ச்சத்தும் கிடைக்கிறது. கீரை, தக்காளி, மஞ்சள், பருப்பு என்று நம் வீட்டுச் சமையலில் ஏற்கெனவே இருப்பவை வேறு. உணவில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட், மாத்திரை அளவுக்குக் குவிந்து வருவதில்லை. மேலே சொன்ன ஆய்வுகளின் எச்சரிக்கை பழத்தட்டுக்கு அல்ல, குழலுக்கு.

மாத்திரை யாருக்குமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உணவு சரியாக எடுக்க முடியாதவர்கள், குறைபாடு உறுதியானவர்கள், குடல் நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எடுக்க வேண்டும். அது சிகிச்சை. ஃபுட்சால் ஆடிய கால் வலிக்கு எடுப்பது வேறு கணக்கு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மலேசியாவில் பொட்டலத்தின்மேல் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவானது என்பதற்கு அது அடையாளம். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டிருக்கும். உங்கள் தொடை வலி குறையும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி பெறும் கட்டாயமே கிடையாது. கடை அலமாரியில் இருப்பதாலேயே யாரோ சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

அப்படியானால் என்ன செய்வது?

நான் மாணவர்களிடம் சொல்வதை உங்களிடமும் சொல்கிறேன். மறுநாள் வலி வந்தால் படுத்துவிடாதீர்கள்; மெதுவாக நடங்கள், லேசாகக் கைகால் அசையுங்கள். வயிறார, புரதத்தோடு சாப்பிடுங்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, தௌஹூ எதுவானாலும் சரி. இரவு இரண்டு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டுத் தசை தேறவில்லை என்று புலம்பினால் எந்த மாத்திரையும் கைகொடுக்காது. தூக்கம்தான் மலிவான மருந்து.

எல்லாவற்றையும்விட, சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒருமுறை வலித்த அதே பயிற்சியை ஒன்றிரண்டு வாரம் கழித்துச் செய்து பாருங்கள். வலி பாதிகூட இருக்காது. தசை கற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் படிப்பைத்தான் நாம் மாத்திரை போட்டுத் தடுக்கப் பார்க்கிறோம்.

வலி ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். கடைசியில் சொன்னது, தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

பிள்ளையை பிசியோதெரபி படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லாரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டு "எனக்கு என்ன மாத்திரை நல்லது" என்று கேட்பார்கள். "நீ என்ன படிக்கிற, இதுகூடத் தெரியாதா" என்று அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பிள்ளை நல்ல சிகிச்சையாளராக வரும்.

மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் குறைவு. அடுத்தவருக்கு எதையாவது பரிந்துரைக்கும் முன் அவருடைய மருந்துப் பட்டியலைப் படியுங்கள். பட்டியல் கையில் இல்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். அந்த மாணவி இப்போது பட்டம் பெற்று வேறோர் ஊரில் வேலை செய்கிறாள். புதிதாக வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் கேட்பது "அங்கிள், ஆண்ட்டி, என்னென்ன மருந்து எடுக்கறீங்க? வைட்டமினையும் சேர்த்துச் சொல்லுங்க" என்பதுதானாம்.